குதிப்பும் தட்டும்

ஆடுபவள் தரையினின்று எழும்பும் உயரம் ஏறத்தாழ ஒரு சாண். அதனை இருபது சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், அவள் வானில் நிற்கும் காலம் ஒரு விநாடியில் ஐந்தில் இரண்டு பங்கு. ஓரிரு முறை இமை கொட்டும் நேரம் என்று சொல்லலாம். அந்தச் சிறு பொழுதுக்குள் இரு கால்களும் விரிந்து, ஒன்றோடொன்று தட்டி, மறுபடியும் விரிந்து, ஒன்றன் முன் ஒன்றாக மடங்கிய முழங்காலுடன் தரைக்கு வந்து சேரவேண்டும். மேலைநாட்டுப் பாலே நடனத்தில் இதனைச் சிறு தட்டுக் குதிப்பு என்ற வகையில் சேர்ப்பர்.

சித்தூரையும் திருப்பதியையும் பற்றிப் பேச வந்தவர்கள் பாரிஸ் நகரத்துக் குதிப்பை எடுத்துக்கொண்டது ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் எம் வீட்டிலேயே இருக்கிறது. நாம் பிறந்தது சித்தூர், வளர்ந்ததும் அங்கேதான். பிழைப்பு மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணியாக அமைந்தபடியால் இருபது ஆண்டுகளாகத் தலைநகரில் வாசம். எம் தமக்கையின் மகளும் இங்கேயே வளர்கிறாள். ஏழு வயதில் பரதம் கற்கத் தொடங்கியவள், பன்னிரண்டாம் வயதில் தோழியர் சிலரோடு ஒரு பாலே வகுப்பிலும் சேர்ந்தாள். நான்கு மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் படிக்கட்டில் இறங்கும்போது முன்னங்கால் எலும்பைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டாள். வலி நெடுநாளாக இருந்திருக்கிறது; சொன்னால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்சி மறைத்திருக்கிறாள். மருத்துவர் பார்த்துவிட்டு, கடினமான தரையில் அளவுக்கு மீறிக் குதித்ததன் விளைவு என்றார். ஆறு வாரம் ஓய்வு என்றார். வகுப்பு நடந்த இடத்தின் தரை மொசைக் தரை. முதல் மாதத்திலேயே காலோடு கால் தட்டும் குதிப்பைக் கற்பித்திருக்கிறார்கள். விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்களாம்.

ஓய்வு நாட்களில் அவள் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, பரதத்திலும் குதிக்கிறோம், பாலேயிலும் குதிக்கிறோம். ஐந்து வருஷம் பரதம் ஆடினபோது வராத வலி இதில் மட்டும் ஏன் வந்தது?" மொழிபெயர்ப்பாளனுக்கு எதற்கும் அகராதியைப் புரட்டும் வழக்கம் உண்டல்லவா? அந்த வழக்கப்படியே புரட்டலானோம். அப்படிப் புரட்டியதில் கிடைத்த வரலாறே இப்பேச்சு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இக்குதிப்புகளில் தலையாயது அந்திரசா என்பது. பிரெஞ்சுச் சொல்லாயினும் இத்தாலியில் பிறந்தது. பின்னப்பட்ட துள்ளல் என்பது அதன் மூலப்பொருள். நம்மவர்க்கு இது புதிய எண்ணமன்று. பின்னல் கோலாட்டம் ஆடியவர்கள் நாம். கயிற்றைக் கையால் பின்னுவதற்கு மாறாக அவர்கள் காலையே வானில் பின்னுகிறார்கள். ஆகவே இதனைப் பின்னல் குதிப்பு என்றே ஈண்டு வழங்குவோம்.

இக்குதிப்பை எண்ணும் முறை சற்று விசித்திரமானது. வலக்கால் முன்னும் இடக்கால் பின்னுமாக, குதிகாலும் விரல்நுனியும் ஒட்ட நின்று, முழங்கால் மடித்து எழும்புகிறாள். கால்கள் சற்றே விரிகின்றன. வலக்கால் பின்னே சென்று இடக்காலைத் தட்டுகிறது. மீண்டும் விரிந்து முன்னே வந்து இறங்குகிறது. பார்ப்பவர் கண்ணுக்குத் தட்டு ஒன்றுதான். ஆயினும் ஒவ்வொரு காலும் இரண்டு அசைவுகள் செய்தபடியால் இரண்டும் இரண்டும் நான்கு என்று கணக்கிட்டு, அதனை நான்கு என்பர். மேலும் ஒருமுறை கடந்தால் ஆறு. முன்னங்கால் ஒன்றே உழைக்கிறது, பின்னங்கால் சும்மா தொங்குகிறது என்றால் அது பின்னலே அன்று என்பது இந்தக் கணக்கின் உட்பொருள். இரு கால்களுக்கும் சம உழைப்பு. புதிதாகக் கற்பவர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

இன்னொரு தவறும் உண்டு. தட்டுவது என்றதும் பாதத்தால் பாதத்தைத் தட்டுவது என்று குழந்தைகள் நினைக்கிறார்கள். அப்படியன்று. தொடை இடுப்பின் மூட்டிலேயே வெளிநோக்கித் திரும்பியிருக்கவேண்டும், முழங்கால் நீண்டிருக்கவேண்டும், கெண்டைச்சதை கெண்டைச்சதையைத் தொட்டு அந்தத் தொடுதலின் வேகத்திலேயே விலகவேண்டும். தட்டுவதற்கு முன்னர் விரிவது இன்றியமையாதது. கையைத் திறக்காமல் கைதட்ட முடியாது என்பதைப் போல. இவை எல்லாம் நடக்கும்போது மேலுடம்பு அமைதியாக இருக்கவேண்டும். தோளில் பதற்றம் தெரியலாகாது. இறங்கும்போது விரல்நுனி, விரலடி, குதிகால் என்ற வரிசையில் பாதம் தரையை ஏற்கவேண்டும். குதிகால் முழுவதும் தரையைத் தொட்ட பின்னரே அடுத்த எழுச்சி. குதிகாலைத் தொங்கவிட்டபடியே அடுத்தடுத்துக் குதிப்பவருக்கு உடலின் எடை பன்மடங்காகி முன்னெலும்பின்மீதும் குதிநாணின்மீதும் விழுகிறது. எம் மருமகளுக்கு நேர்ந்தது இதுவே.

இந்த நுட்பங்கள் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. பிரான்சு தேசத்துப் பதினான்காம் லூயி மன்னர் தாமே ஆடுபவர். அவர் 1661-ஆம் ஆண்டில் நடனத்துக்கென ஓர் அரசக் கழகத்தை நிறுவினார். அவருடைய ஆசிரியர் போஷாம் என்பவர் கால்களின் ஐந்து நிலைகளை வகுத்தார் என்பது பொதுவான கருத்து. இரு கால்களையும் முன்னே தட்டிப் பின்னே மாற்றி இறங்கும் எளிய குதிப்பு ஒன்றுக்கு இன்றும் 'அரசகுதி' என்ற பொருளில் ரயால் என்று பெயர். மன்னருக்கு நான்கு எண்ணும் பின்னல் வரவில்லை, அவர் தவறிச் செய்ததையே ஒரு வகையாக ஏற்றுக்கொண்டார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதைதான்; ஆனாலும் அரசவை ஆசிரியர்களின் இயல்பை அறிந்தவர் எவரோ கட்டிய கதை என்பதில் ஐயமில்லை.

அக்காலத்தில் இத்தகைய குதிப்புகள் ஆடவர்க்கே உரியவை. பெண்களின் பாவாடை தரையைத் தொட்டது. காலணிக்கு உயர்ந்த குதி இருந்தது. பிரசெல்ஸ் நகரில் 1710-இல் பிறந்த மாரி காமர்கோ என்ற நங்கை 1726-இல் பாரிஸ் அரங்கில் ஏறினாள். நான்கு எண்ணும் பின்னலைச் செய்த முதற் பெண் அவளே என்பர். கால் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியவேண்டுமே! பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே குறுக்கினாள். குதி உயர்ந்த காலணியைக் களைந்தாள். ஊரில் பெரும் சர்ச்சை எழுந்தது. இரண்டு விரற்கிடை துணியைப் பற்றிய சர்ச்சையாக அது பேசப்பட்டாலும், உண்மையில் குதிகால் தரையைத் தொட்டு எழும் உரிமையைப் பற்றியது என்பது எமது கருத்து. உயர்ந்த குதியில் நின்றபடி முழங்காலை ஆழ மடிக்க முடியாது. மடிக்காமல் எழும்ப முடியாது.

அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1820-இல், மிலான் நகரில் கார்லோ பிளாசிஸ் என்பவர் பாலேயின் இலக்கணத்தை ஒரு நூலாக வெளியிட்டார். அதே பத்தாண்டுகளில் நம் தஞ்சையில் என்ன நடந்தது என்பதை நோக்கினால் ஓர் அழகிய ஒற்றுமை புலப்படும். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரின் அவையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற சகோதரர் நால்வர் இருந்தனர். அலாரிப்பு முதல் தில்லானா வரையுள்ள நிகழ்ச்சி முறையையும், அடவுகளைக் கற்பிக்கும் வரிசையையும் சீர்ப்படுத்திய பெருமை அவர்களுக்கு உரியது. பிளாசிஸ் புத்தகம் எழுதினார். நால்வரோ தட்டுக்கழியையும் மாணவியின் காலையும் நம்பினார்கள்.

அவர்கள் வகுத்த வரிசையில் ஒன்று குதித்துமெட்டடவு. அரைமண்டியில் அமர்ந்து, அங்கிருந்து துள்ளி இரு பாதங்களின் விரலடியில் நிற்பது. பின் குதிகால்களைத் தரையில் ஓங்கி மெட்டுவது. 'தெய்ஹத் தெய்ஹி' என்பது அதற்குரிய சொற்கட்டு. எழும்பும் உயரம் ஒரு சாண் கூட இராது. நான்கு விரல் உயர்ந்தாலே மிகுதி. இங்கே கால் காலைத் தட்டுவதில்லை. கால் தரையைத் தட்டுகிறது. முதற் காலம், இரண்டாங் காலம், மூன்றாங் காலம் என்று மும்மடி வேகத்தில் இதனைப் பயில்விப்பர். முதற் காலத்தில் செம்மையாக வந்தாலன்றி இரண்டாங் காலத்துக்கு ஏற்றமாட்டார்கள். இந்த அடவை அடைவதற்கு முன்னர் தட்டடவு, நாட்டடவு முதலியவற்றில் மாதங்கள் கழிந்திருக்கும். எம் மருமகளின் கால் ஐந்தாண்டுகள் நோகாதிருந்ததற்கு விடை இங்கே பாதி கிடைக்கிறது.

மறு பாதிக்கு வருமுன் 1838-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. கடலூருக்கு அருகே திருவயிந்திரபுரம் என்ற திருப்பதி உள்ளது. திருமலைக்கு நேர்ந்த வேண்டுதலை அங்கே செலுத்தும் வழக்கம் அப்பக்கத்து மக்களிடம் உண்டு. அவ்வூர்த் தேவநாதப் பெருமாள் கோயிலைச் சேர்ந்த ஆடல் மகளிர் ஐவரையும் இசைவாணர் சிலரையும் தார்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் செய்து கப்பலேற்றினார். தில்லம்மாள் தலைவி, அம்மணி என்பவள் பதினெட்டு வயதினள், ஆறு வயதுச் சிறுமியும் ஒருத்தி. பாரிஸ் மன்னரின் அரண்மனையிலும் பொது அரங்கிலும் அவர்கள் ஆடினர். பின் இலண்டனிலும் ஆடினர். தியோஃபில் கோத்தியே என்ற கவிஞர் அவர்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். பார் என்ற சிற்பி அம்மணியை உலோகத்தில் வார்த்தார்.

அந்தப் பாரிஸ் மக்கள் மேடையில் 'தேவனும் பயதேரும்' என்ற பாலேயை எட்டு ஆண்டுகளாகக் கண்டுகொண்டிருந்தவர்கள். பயதேர் என்பது நம் தேவரடியாருக்கு ஐரோப்பியர் இட்ட பெயர். மேடைத் தேவரடியார் வெண்ணிற உடையில் காற்றில் மிதந்து வந்தார்கள். உண்மைத் தேவரடியாரோ முழங்கால் மடித்து நிலத்தில் ஊன்றிச் சதங்கை அதிரத் தட்டினார்கள். கண்டவர்களில் சிலர் வியந்தனர், சிலர் ஏமாந்தனர். வியந்தவர்களும் அத்தட்டைக் கற்றுக்கொள்ள முயலவில்லை. 1877-இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் பெத்திபா 'பயதேர்' என்ற புகழ்பெற்ற பாலேயை அமைத்தபோது, இந்தியக் கதை இருந்தது, இந்திய உடை இருந்தது. கால்கள் பிரெஞ்சுக் கால்களாகவே இருந்தன. ஆட்டம் கப்பலேறியது; ஆசிரியர் அங்கே தங்கவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு பயணம் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து நிகழ்ந்தது. உரோமில் 1850-இல் பிறந்த என்ரிகோ செக்கெத்தி என்ற ஆசிரியர் பீட்டர்ஸ்பர்கில் பல்லாண்டு கற்பித்தார். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பயிற்சி என்று வகுத்து வைத்திருந்தார். தட்டுக் குதிப்புகளுக்கு வெள்ளிக்கிழமை. 1922-இல் அவருடைய முறை இலண்டனில் நூலாக வந்தது. அவரிடம் தனிப்பாடம் கேட்டவர்களுள் ஒருவர் அன்னா பாவ்லோவா. பாவ்லோவா இந்தியாவுக்கு இரு முறை வந்தார். இரண்டாம் பயணமான 1928-29-இல் ருக்மிணி தேவி அருண்டேல் அவரது ஆட்டத்தைக் கண்டார். பின்னர் ஆஸ்திரேலியா செல்லும் கப்பலில் இருவரும் உடன் பயணிகளாயினர். நட்பு வளர்ந்தது. பாவ்லோவா குழுவின் ஆடுநங்கை கிளியோ நோர்தி என்பவரிடம் ருக்மிணி தேவி பாலே பயிலத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தை ஒட்டியது. பாலே தொடங்கும் வயதன்று அது. ஆயினும் தொடங்கினார்.

தன் நாட்டு ஆடற்கலையைத் தேடிப் பார்க்குமாறு பாவ்லோவாவே அவரைத் தூண்டினார் என்று கூறுவர். 1933-இல் சென்னை சங்கீத வித்வத் சபையில் கல்யாணி அம்மாளின் புதல்வியர் ஆடிய சதிரை ருக்மிணி தேவி கண்டார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், தஞ்சை நால்வரின் வழிவந்த பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935 டிசம்பரில் அடையாற்றில் அரங்கேறினார். மறு ஆண்டுத் தொடக்கத்தில் நிறுவிய கழகமே பிற்காலத்துக் கலாக்ஷேத்திரம். அக்கழகத்து அடவுகளின் நேர்கோடும், நீண்ட கைகளும், வகுப்பை வரிசையாக நடத்தும் ஒழுங்கும் பாலேயின் வாடையைச் சுமப்பவை என்று ஒரு சாரார் குறை சொல்வர். மறு சாரார் அதுவே அழகு என்பர். நாம் அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றவர்கள். ஒன்று மட்டும் கூறுவோம். வானில் தட்டும் காலையும் மண்ணில் தட்டும் காலையும் இரண்டு வெவ்வேறு ஆசிரியர்களிடம் தாமே மாணவியாக நின்று பயின்றவர், ஒன்றை மற்றொன்றாக மாற்ற முற்படவில்லை. அவருடைய மாணவியர் அரைமண்டியில்தான் அமர்ந்தனர்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

சித்தூர்ப் பக்கத்தில் வேனிற்காலம் வந்துவிட்டால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. தமிழில் ஒரு ஊர், தெலுங்கில் ஒரு ஊர், இரண்டும் கலந்து ஒரு ஊர் என்று நடக்கும். எமக்குப் பத்து வயதிருக்கும்போது பாட்டனாரின் தோளில் சாய்ந்து உறங்கியும் விழித்தும் கண்ட ஆட்டங்கள் அவை. கட்டை கட்டிய வேடதாரி திரைக்குப் பின்னிருந்து வெளிப்பட்டுக் கிறிக்கி அடித்துச் சுழலும்போது புழுதி எழும்பி விளக்கொளியில் நிற்கும். அந்த ஆட்டத்திலும் சிறு குதிப்புகள் நிரம்ப உண்டு. தோளிலும் மார்பிலும் கட்டை அணிகளைச் சுமந்துகொண்டு விடியும்வரை குதிப்பவருக்குக் கால் நொந்துவிடாதா என்று நாம் அன்று நினைக்கவில்லை. இன்று நினைக்கும்போது தெரிகிறது: அவர்கள் ஆடியது உழுத மண்ணை ஒத்த மெல்லிய தரை. மண் அடியை வாங்கிக்கொண்டது.

திருமலையில் பிரம்மோற்சவ காலத்தில் மாடவீதிகளைக் கண்டவர்கள் செக்க பஜனைக் குழுக்களைக் கண்டிருப்பார்கள். ராயலசீமைக் கிராமங்களிலிருந்து வரும் உழவர் மக்கள் கையில் மரச்சப்ளாவும் காலில் சலங்கையுமாக வாகனத்துக்கு முன்னே ஆடிச் செல்வர். ஒரே கணத்தில் அத்தனை பேரும் எழும்பி ஒரே கணத்தில் இறங்குவது காணத்தக்க காட்சி. கிராமத்துக் குரு ஒருவர் மாலை வேளைகளில் மாதக்கணக்கில் அடி சொல்லிக்கொடுத்த பின்னரே அவர்கள் மலையேறுகிறார்கள்.

கோயிலுக்குள் ஆடியவர்களின் கதை வேறு. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளைத் தேவஸ்தானத்தார் 1931 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டனர். அவற்றுள் பெரும்பாலானவை தமிழ் என்பது வெளிமாநிலத்து நேயர்களுக்கு மகிழ்வளிக்கும் செய்தி. விசயநகர காலத்துக் கட்டளைகளில் திருவிழாப் பணியாளர் பலருக்கும் உரிய பங்கைப் பகிர்ந்து எழுதும்போது ஆடற்பணி செய்த மகளிரும் இடம்பெறுகின்றனர். கல்லில் அவர்களுக்குரிய பங்கு இருக்கிறது. அவர்கள் கால் எவ்வாறு மடங்கியது, எவ்வாறு தட்டியது என்பது இல்லை. அது கல்லில் எழுதக் கூடியதுமன்று.

1947-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுத்தது. சித்தூர் மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தில் அடங்கியது. சட்டம் வேண்டியதே; அதில் எமக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் அந்த மகளிரும், அவர்களுக்குக் கற்பித்த நட்டுவனார்களும் அதன் பின்னர் எதைக் கொண்டு உண்பது என்று எவரும் போதிய அளவு கவலைப்படவில்லை. கற்பிக்கும் மனிதர் வேறு தொழிலுக்குப் போய்விட்டால் காலின் இலக்கணமும் அவரோடு போய்விடுகிறது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதனோடு சென்றது. 1960 ஏப்ரலில் எல்லைகள் திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த எம் தலைமுறைக்குக் கலைக்கு மொழி எல்லை உண்டென்பது வியப்பாகவே இருக்கும். அந்த மாற்றங்களுக்கு நடுவே, 1959-இல், திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவர இசை நடனக் கல்லூரியைத் தொடங்கியது. பரதமும் குச்சிப்புடியும் அங்கே ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்படுகின்றன. பரதத்தைவிடக் குச்சிப்புடியில் துள்ளல் மிகுதி. தெலுங்கு நாட்டுப் பாகவதர்களின் ஆட்டமாகையால் மேடையை ஓடி அளக்கும் இயல்பு அதற்கு உண்டு.

சாஸ்திர நூல்களில் குதிப்பைப் பற்றி எழுதவில்லையா என்று கேட்பீர்கள். எழுதியிருக்கிறார்கள். நாட்டிய சாஸ்திரத்தில் வானில் இயங்கும் சாரிகள் பதினாறு. மான் துள்ளுவது போன்ற ஹரிணப்லுதை அவற்றுள் ஒன்று. நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் உத்பிலவனம் என்ற தலைப்பில் ஐந்து குதிப்புகளைச் சொல்கிறது: அலகம், கர்த்தரி, அசுவம், மோடிதம், கிருபாலகம். கர்த்தரி என்றால் கத்தரிக்கோல். இதனைக் கண்டதும் நாம் துள்ளிக் குதிக்காத குறைதான். கத்தரிபோல் கால்கள் வானில் வெட்டிக் கடப்பது பாலேயின் பின்னல் குதிப்பே அன்றோ, நம் முன்னோர் அதனை அன்றே கண்டுவிட்டனர் என்று ஒரு கட்டுரைக்கே தலைப்பு யோசித்துவிட்டோம். பின் மூலத்தைப் பொறுமையாகப் படித்தபோது, கத்தரியாவது கால் அன்று, கையில் பிடிக்கும் கர்த்தரீமுக முத்திரை என்று தெரிந்தது. ஆனந்த குமாரசாமியும் துக்கிரால கோபாலகிருஷ்ணய்யாவும் 1917-இல் இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது எத்தனை இடங்களில் இப்படி நின்று மூச்சுவிட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். பெயரை நம்பி மொழிபெயர்க்கிறவன் வழுக்கி விழுவான்.

நூல் பெயரைத் தருகிறது, வரிசையையும் தருகிறது. முழங்கால் எப்போது மடங்கவேண்டும் என்பதை அருகில் நிற்பவர்தான் சொல்லவேண்டும். அதனைச் சென்ற ஆண்டு திருப்பதியில் நேரில் கண்டோம். ஓய்வு முடிந்து கால் தேறிய மருமகளை அழைத்துக்கொண்டு வேங்கடவனைத் தரிசிக்கச் சென்றிருந்தோம். கீழ்த்திருப்பதியில் உறவினர் இல்லத்துக்கு அருகே ஓர் அம்மையார் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். இருபத்தைந்து முப்பது பிள்ளைகள் மாலையில் அவரிடம் அடவு பயில்கின்றனர். வீட்டுப் பின்கட்டில் பலகை பாவிய ஒரு கூடம். பலகைகளுக்குக் கீழே குறுக்குச் சட்டங்கள் போட்டு இடைவெளி விட்டிருக்கிறார். மேலைநாட்டுப் பாலேக் கூடங்களிலும் இப்படித்தான் தரையைச் சற்று வளையும்படி அமைப்பர் என்று நாம் எம் புத்தக அறிவைக் காட்டினோம். "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. சிமெண்டுத் தரையில் நான் ஆடி என் முழங்கால் போச்சு. பிள்ளைங்களுக்குப் போகக் கூடாது" என்றார்.

மருமகளை ஆடச் சொன்னார். இரண்டு வரி பார்த்துவிட்டு நிறுத்தினார். "பாப்பா, நீ எழும்புறதையே நினைக்கிறே. இறங்குறதை யார் நினைக்கிறது?" என்று கேட்டார். அதன் பின்னர் அந்தப் பத்து நாளில் முதல் நான்கு நாள் ஒரு குதிப்பும் இல்லை. அரைமண்டியில் உட்காருவதும் எழுவதும்தான். முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக வெளியே போகவேண்டும், உள்ளே சாயலாகாது; குதிகால் தரையை விட்டு எழலாகாது; இடுப்பு பின்னே தள்ளலாகாது. தம் தட்டுக்கழியை மருமகளின் முதுகோடு நேரே சார்த்தி வைத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் குதித்துமெட்டு. ஒன்று குதித்தபின் நான்கு எண்ணிக்கை நிற்கவேண்டும், பிறகே அடுத்தது. கற்றவளுக்குக் கற்றதையே மீண்டும் கற்பது கசப்பாகத்தான் இருந்தது. ஓரிரு முறை கண் கலங்கினாள்.

எட்டாம் நாள் அம்மையாரே கேட்டார்: "அந்த வெள்ளைக்காரக் குதிப்பைக் காட்டு, பார்க்கலாம்." நாம் திடுக்கிட்டோம். மருமகள் சன்னல் கம்பியை இரு கையாலும் பற்றிக்கொண்டு நின்றாள். பாலேக் கூடங்களில் சுவரோரம் ஒரு கட்டை இருக்கும். தொடக்கத்தில் அதைப் பற்றியே பயில்வர். முதலில் தட்டே இல்லாத வெறுங்குதிப்பு. பின் கால் இடம்மாறும் குதிப்பு. அதன் பின் அரசகுதி. அதற்கும் பின்னரே நான்கு எண்ணும் பின்னல். இவ்வரிசையைச் செக்கெத்தி முறையிலிருந்து நாம் படித்துச் சொல்ல, அவள் செய்தாள். டில்லி வகுப்பில் முதல் மூன்று படிகளையும் தாண்டி நான்காவதற்கு ஏற்றிவிட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எமக்கு விளங்கியது. அம்மையார் பிரெஞ்சுப் பெயர் எதையும் கேட்கவில்லை. அவளுடைய முழங்காலையும் குதிகாலையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் மண்டியிலதான் இருக்கு" என்றார்.

பிறகு அவர் செய்ததை நாம் எந்த நூலிலும் படித்ததில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். குதித்துமெட்டையும் பின்னல் குதிப்பையும் மாற்றி மாற்றிச் செய்யச் சொல்லிக் காதால் கேட்டார். குதித்துமெட்டில் இரு குதிகால்களும் ஒரே ஓசையாகக் கேட்கவேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தி இரண்டாகக் கேட்டால் திரும்பவும் செய்யவேண்டும். மற்றதில் இறங்கும் ஓசையே கேட்கக் கூடாது. கேட்டால் குதிகால் விழுந்திருக்கிறது, முழங்கால் மடங்கவில்லை என்று பொருள். பாலே ஆசிரியர்களும் ஓசையின்றி இறங்கவேண்டும் என்றே கற்பிக்கிறார்கள்; அதனை அம்மையாருக்கு எவரும் சொல்லியிருக்க வழியில்லை. அரை மணி நேரம் அப்படியே நடந்தது. பலகை அதிர்ந்தது, பின் அமைதி, மீண்டும் அதிர்ந்தது. எங்கோ ஓர் அமைதிக்கு நடுவே மெல்லிய 'தப்' என்ற ஒலி. "இடது" என்றார் அம்மையார், திரும்பிப் பாராமலே. மருமகள் இடக்காலைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடியும் சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.